பழைய ஹைலக்ஸுக்கு வேறு ரிம்: வாங்கும் முன் அளக்க வேண்டியவை

“ஆறு நட்டுத்தானே, எல்லாவற்றுக்கும் போகும்” என்று பழைய ரிம் விற்கும் கடைகளில் சொல்வார்கள். அதில் பாதி சரி. டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு டி-மேக்ஸ், மிட்சுபிஷி எல்200, ஃபோர்ட் ரேஞ்சர் ஆகிய நான்குக்கும் ஆறு நட்டுகள்தாம். நான்கிலும் நட்டு வட்டத்தின், அதாவது போல்ட்டுகளின் மையங்கள் வழியே போகும் வட்டத்தின் விட்டம் 139.7 மில்லிமீட்டர்தான். ஆனாலும் இன்றைய எல்200இன் ரிம்மைக் கொண்டுவந்து ஹைலக்ஸில் வைத்தால் அது ஹப்பில், அதாவது சில்லு உட்காரும் நடுக் குடத்தில், நுழையவே நுழையாது. நுழைகிற ரிம்களிலும் சில, வண்டியைத் திருப்பும்போது ஸ்பிரிங் பட்டையில் உரசும். வேறு சில, நெல் மூட்டை ஏற்றிய நாளில் மட்கார்டைப் பதம் பார்க்கும்.

இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனிப்பட்ட வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் முப்பது வயதான டபுள் கெப்களும் விலை ஏறின. இல்லாவிட்டால் உடைத்து விற்றிருக்கக்கூடிய வண்டிகள் மறுபடி வயலுக்கும் சந்தைக்கும் ஓடத் தொடங்கின. அப்படி ஒரு பழைய ஹைலக்ஸை முதன்முறையாக வாங்கி, துருப்பிடித்த ரிம்களை மாற்ற நினைப்பவருக்காக இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுக்கு 1988 முதல் 1997 வரை வந்த எல்.என்.106ஐ எடுத்துக்கொள்கிறேன். நான்கு சில்லுக்கும் இழுவை உள்ள, முன்னாலும் பின்னாலும் ஸ்பிரிங் பட்டை போட்ட டீசல் வண்டி அது. உங்களுடையது வேறு வண்டியானாலும் அளக்கும் முறை ஒன்றேதான்.

ஒரு வேண்டுகோள்: புத்தகத்தில் உள்ள அளவை மட்டும் நம்பிக் கடைக்குப் போகாதீர்கள். முப்பது வருடத்தில் எத்தனை கராஜ்கள் அந்த வண்டியில் கை வைத்திருக்கும் என்பது யாருக்கும் தெரியாது. முன் அச்சை மாற்றியிருக்கலாம், ஹப்பை மாற்றியிருக்கலாம், போல்ட்டைக்கூட மாற்றியிருக்கலாம். உங்கள் வண்டியில் இன்று என்ன இருக்கிறதோ அதை அளந்து, ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

சில்லைக் கழற்றி அளப்பது

சமதளத்தில் நிறுத்துங்கள். கை பிரேக்கை இழுத்து, கழற்றாத சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். நட்டுகளை, சில்லு தரையில் இருக்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டு அதன்பிறகு ஜாக்கால் தூக்குங்கள். தூக்கியதும் அச்சுக்குக் கீழே ஸ்டாண்டு வைத்துவிடுங்கள். ஜாக் மட்டும் தாங்கும் வண்டியின் அடியில் கையை நீட்டி அளவெடுக்கும் வேலை வேண்டாம்.

முன்னால் ஒரு சில்லு, பின்னால் ஒரு சில்லு என இரண்டையும் கழற்ற வேண்டும். இந்த வண்டியில் முன் ஹப்பும் பின் ஹப்பும் ஒரே வடிவம் இல்லை. பின்னால் பொருந்திய ரிம் முன்னால் பொருந்தாமல் போவது வழக்கமாக நடப்பது.

முதலில் நட்டு வட்டம், அதாவது கடைக்காரர்கள் பி.சி.டி. என்று சொல்வது. எதிரெதிர் போல்ட்டுகளின் மையத்திலிருந்து மையம் வரை அளப்பதுதான் நேர்வழி. ஆனால் முன் சில்லில் ஃப்ரீ வீல் ஹப் (நான்கு சில்லு இழுவையைப் பூட்டும் பகுதி) நடுவில் துருத்திக்கொண்டு நிற்பதால் அளவுகோலை நேராக வைக்க முடியாது. அதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் கவராயத்தால் ஆறிதழ்ப் பூ வரைந்தவர்களுக்குத் தெரியும்: வட்டத்தின் மேல் சமதூரத்தில் ஆறு புள்ளிகள் வைத்தால், பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளின் இடைவெளி அந்த வட்டத்தின் ஆரத்துக்குச் சமம். ஆகவே அடுத்தடுத்த இரண்டு போல்ட்டுகளுக்கு இடைப்பட்ட தூரத்தை அளந்து இரண்டால் பெருக்கினால் போதும். ஒரு போல்ட்டின் இடது விளிம்பிலிருந்து அடுத்ததின் இடது விளிம்பு வரை அளந்தால் மையத்தைத் தேட வேண்டிய தொல்லையும் இல்லை. 70 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக, 69.85 வந்தால் அது 139.7.

57 சொச்சம் வந்தால் அது 114.3 வட்டம், 2005க்குப் பிந்திய நிசான் நவாராவில் இருப்பது அதுதான். ஆறு நட்டு என்பதால் மட்டும் நவாரா ரிம் ஹைலக்ஸுக்கு வராது. இழுவை இரண்டு சில்லுக்கு மட்டும் உள்ள பழைய ஹைலக்ஸ்களில் ஐந்து நட்டு, 114.3 வட்டம் என்று வருவதும் உண்டு. அந்த வண்டிக்காரர்கள் இந்தக் கட்டுரையின் அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. லேண்ட் குரூசர் 100 வரிசையின் ரிம் பார்க்க அழகாக இருக்கும், அதில் ஐந்து நட்டு, 150 வட்டம். ஆசைப்பட வேண்டாம்.

நடுத்துளை

புதியவர்கள் அதிகம் கோட்டை விடும் இடம் இது. ரிம்மின் நடுவே உள்ள துளை, ஹப்பின் வட்டமான கழுத்தின் மேல் உட்கார வேண்டும். டொயோட்டாவின் ஆறு நட்டு வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தத் துளை 106.1 மில்லிமீட்டர். இசுசு டி-மேக்ஸுக்கும் நவாராவுக்கு முந்திய நிசான் டி22 கெப்புக்கும் 100. ஃபோர்ட் ரேஞ்சருக்கு 93.1. 2005க்குப் பிந்திய எல்200, அதாவது ட்ரைட்டனுக்கு 67.1. எல்லாவற்றிலும் நட்டு வட்டம் ஒன்றாக இருந்தும் ரிம் மாறாததற்குக் காரணம் இந்தத் துளைதான். பெரிய துளையுள்ள ரிம்மைச் சிறிய கழுத்தில் எப்படியாவது மாட்டிவிடலாம். சிறிய துளையைப் பெரிய கழுத்தில் மாட்டவே முடியாது. எனவே ஹைலக்ஸ் ரிம் டி-மேக்ஸுக்குப் போகும், டி-மேக்ஸ் ரிம் ஹைலக்ஸுக்கு வராது.

டொயோட்டா என்ற பெயரைப் பார்த்து ஏமாறவும் இடம் உண்டு. லேண்ட் குரூசர் 300இல் ஆறு நட்டு, 139.7 வட்டம் என்று நம் வண்டியின் எண்களே இருக்கும். ஆனால் நடுத்துளை 95.1. அதுபோக, அதன் போல்ட் 14 மில்லிமீட்டர், நம்முடையது 12.

எல்.என்.106இன் முன் ஹப்பில் இன்னொரு சங்கதி இருக்கிறது. ஃப்ரீ வீல் ஹப் ரிம்மின் முகத்தைத் தாண்டி வெளியே நீளும். அதன் முனையில் உள்ள குமிழைக் கையால் திருப்பித்தான் நான்கு சில்லு இழுவையைப் பூட்ட வேண்டும். எனவே ரிம்மின் நடு, முன்பக்கம் வரை முழுக்கத் திறந்திருக்க வேண்டும். பல அலாய் ரிம்களில் பின்பக்கத் துளை 106 இருக்கும், முன்பக்கம் மூடிக்காகக் குறுகியிருக்கும். பின்னால் மட்டும் வேர்னியர் அளவுகோல் வைத்துப் பார்த்துவிட்டுச் சரி என்று காசைக் கொடுத்தால், வீட்டுக்கு வந்தபின் ஹப் பாதியில் தட்டி நிற்கும். அளவெடுக்கும்போது மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஹப்பின் கழுத்து விட்டம், ஃப்ரீ வீல் ஹப்பின் மிகத் தடித்த இடத்தின் விட்டம், ரிம் உட்காரும் தட்டையான முகத்திலிருந்து ஹப்பின் முனை வரை உள்ள நீளம். பிறகு மாட்டும்போது குமிழைத் திருப்ப விரல்களுக்கு இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். சேற்றில் புதைந்த வண்டிக்குப் பக்கத்தில் முட்டிக்கால் போட்டு, ரிம்முக்குள் விரல் போகாமல் தவிப்பது கொடுமை.

நடுத்துளை கழுத்தைவிடப் பெரிதாக இருந்தால் என்ன? வெளிச்சந்தையில் வரும் அலாய்களில் 108, 110 என்று இருக்கும். அவற்றில் ரிம்மை மையத்தில் நிறுத்துவது நட்டுகளின் கூம்பு முகம்தான். கூம்பும் குழியும் ஒழுங்காகப் பொருந்தி, சில்லைத் தூக்கிய நிலையிலேயே நட்சத்திர வரிசையில் (ஒரு நட்டுக்கு அடுத்து அதற்கு எதிரே உள்ளது என) முறுக்கினால் குறையில்லை. இடைவெளியை அடைக்கும் வளையமும் கிடைக்கும்.

சிறிய துளையை லேத் பட்டறையில் குடைந்து பெரிதாக்கித் தருகிறோம் என்பார்கள். 67ஐ 106 ஆக்குவதென்றால் சுற்றிலும் இரண்டு சென்டிமீட்டர் உலோகம் போகிறது. அந்த வார்ப்பு அந்தத் துளைக்காகக் கணக்கிடப்பட்டதில்லை. ஒரு தொன் ஏற்றும் வண்டிக்கு அதை நான் ஒருபோதும் பரிந்துரைக்கமாட்டேன்.

ஆஃப்செட்: கணக்குப் போட வேண்டிய இடம்

ரிம்மின் அகலத்துக்குச் சரிநடுவே ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஹப்பில் ஒட்டும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதே ஆஃப்செட். முகம் வெளிப்பக்கமாக, வீதியைப் பார்த்துத் தள்ளியிருந்தால் கூட்டல். அப்போது சில்லு வண்டிக்குள் ஒடுங்கும். முகம் உட்பக்கமாக இருந்தால் கழித்தல். சில்லு வெளியே பிதுங்கும்.

ஜப்பான் அலாய்களின் பின்முகத்திலோ ஆரக்காலின் முதுகிலோ “16×7ஜே +13” என்பது போல வார்த்திருப்பார்கள். 16 என்பது விட்டம், 7 என்பது அகலம், இரண்டும் அங்குலத்தில். கடைசி எண் ஆஃப்செட், மில்லிமீட்டரில். ஐரோப்பிய ரிம்களில் அதற்கு முன் ஈ.டி. என்று இருக்கும். எழுத்து அழிந்திருந்தாலும், இரும்பு ரிம்மாக இருந்து எதுவும் எழுதப்படாமல் இருந்தாலும், அளந்துதான் ஆக வேண்டும்.

ரிம்மைக் குப்புறக் கவிழ்த்து, பின் விளிம்பின் குறுக்கே நேரான ஒரு கம்பியையோ அலுமினியச் சட்டத்தையோ வையுங்கள். அந்தச் சட்டத்தின் அடியிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் வரை அடிமட்டத்தால் ஆழத்தை அளங்கள். பிறகு ரிம்மின் மொத்த அகலத்தை, விளிம்பின் வெளிப்புறத்திலிருந்து வெளிப்புறம் வரை அளந்து பாதியாக்குங்கள். ஆழத்திலிருந்து அந்தப் பாதியைக் கழித்தால் வருவது ஆஃப்செட். 7 அங்குல ரிம் என்றால் அந்த 7, டயர் உட்காரும் இடங்களுக்கு இடைப்பட்ட அகலம். விளிம்புகளைச் சேர்த்தால் ஏறத்தாழ 8 அங்குலம், 203 மில்லிமீட்டர். பாதி 101.5. ஆழம் 115 வந்தால் ஆஃப்செட் +13.5.

இனி ஒப்பிடுவோம். உங்கள் பழைய ரிம் 6 அங்குல அகலம், +15 என்று வைத்துக்கொள்வோம். ஹைலக்ஸ் விகோவின் ரிம் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது: 17 விட்டம், 7.5 அகலம், +30. அகலம் 1.5 அங்குலம் கூடுகிறது, அதாவது 38 மில்லிமீட்டர், பக்கத்துக்கு 19. ஆஃப்செட் 15 கூடுவதால் ரிம் முழுவதும் 15 மில்லிமீட்டர் உள்ளே நகர்கிறது. ஆகவே உள்விளிம்பு 19ம் 15ம் சேர்ந்து 34 மில்லிமீட்டர் ஸ்பிரிங் பட்டையை நோக்கி நெருங்கும். வெளிவிளிம்பு 19இல் 15 போக 4 மில்லிமீட்டர் மட்டுமே வெளியே வரும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் மாறியதாகத் தெரியாது. உள்ளே, ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் டயரின் தோள் ஸ்பிரிங் பட்டையில் தேயும்.

முன் அச்சு ஒரே துண்டாக உள்ள பழைய ஹைலக்ஸ்களின் ரிம்களுக்கு ஆஃப்செட் குறைவு. பிந்திய ஹைலக்ஸ், பிராடோ ரிம்களுக்கு அது 30 அளவில் இருக்கும். டொயோட்டா ஹையேஸ் கே.டி.எச். வேனின் 15 அங்குல ரிம்முக்கு 35 அளவில். வேன் ரிம்மின் நட்டு வட்டமும் நடுத்துளையும் ஹைலக்ஸுடையவையே என்பதால் அதை மாட்டிப் பார்க்கும் சபலம் எல்லோருக்கும் வரும். மாட்டலாம், எவ்வளவு உள்ளே போகிறது என்று கணக்குப் போட்டபின் மாட்டுங்கள். வேனுக்கான சுமையும் நம் வண்டியின் சுமையும் ஒன்றுதானா என்பது அடுத்த கேள்வி.

எதிர்த்திசையிலும் ஆபத்து உண்டு. சாகசப் படங்களில் வருவது போல அகலமாக நிற்க வேண்டும் என்று 8 அங்குலம், கழித்தல் 10 ரிம் வாங்குகிறார்கள். மேலே சொன்ன பழைய ரிம்மோடு ஒப்பிட்டால் வெளிவிளிம்பு 50 மில்லிமீட்டர் வெளியே வருகிறது. பொலிஸாரின் கண்ணில் படுவது ஒருபுறம் இருக்கட்டும். மட்கார்டுக்கு வெளியே நிற்கும் டயர் சேற்றைக் கதவு முழுக்க வீசும், ஸ்டியரிங் கனக்கும், பள்ளத்தில் விழும்போதெல்லாம் கையில் உதறும், சில்லுப் பேரிங்குகள் முன்கூட்டியே சத்தம் போடத் தொடங்கும். அழகுக்காக 10, 15 மில்லிமீட்டர் வெளியே வந்தால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. 50 என்பது வேறு கதை.

உள்ளே ஒடுங்கும் ரிம்மை ஸ்பேசர் தட்டு வைத்து வெளியே கொண்டுவரலாமே என்பார்கள். போல்ட்டில் நட்டு ஏற வேண்டிய மரையை அந்தத் தட்டு தின்றுவிடும். சுமை ஏற்றும் வண்டிக்கு வேறு ரிம் தேடுங்கள்.

பிரேக்கும் நட்டும்

வட்டத்தட்டு பிரேக் உள்ள முன் சில்லில், தட்டை அழுத்திப் பிடிக்கும் கலிப்பருக்கும் ரிம்மின் உட்சுவருக்கும் இடையே குறைந்தது 3 மில்லிமீட்டராவது வேண்டும். விட்டம் சரியாக இருந்தாலே போதாது. அலாய் ரிம்மின் ஆரங்கள் உட்பக்கம் புடைத்திருந்தால் கலிப்பரின் முகத்தில் தட்டும். பிள்ளைகளின் விளையாட்டுக் களிமண்ணை எடுத்துக் கலிப்பரின் மேல் இரண்டு மூன்று இடங்களில் ஒட்டுங்கள். டயர் போடாத வெறும் ரிம்மை ஏற்றி, இரண்டு நட்டுகளைப் பிடித்து, கையால் மெல்ல ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கழற்றுங்கள். நசுங்கிய களிமண்ணின் தடிப்பை வேர்னியரால் அளந்தால் அதுதான் உங்களிடம் உள்ள இடைவெளி. சமநிலைப்படுத்த உட்பக்கம் ஒட்டும் ஈயத் துண்டுகளுக்கும் அதே இடைவெளிக்குள்தான் இடம் வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

நட்டுகளுக்கு வருவோம். டொயோட்டாவின் போல்ட் 12 மில்லிமீட்டர் தடிப்பு, மரை இடைவெளி 1.5. நிசானுடையதும் 12 தான், இடைவெளி 1.25. நிசான் நட்டை டொயோட்டா போல்ட்டில் வைத்தால் ஓரிரு சுற்று ஏறிவிட்டு இறுகும். அதை இறுக்கம் என்று நினைத்து ஸ்பானரை மிதித்தால் மரை போய்விடும். கையாலேயே கடைசி வரை சுழன்று ஏறாத நட்டு உங்கள் நட்டே இல்லை.

முகமும் முக்கியம். இரும்பு ரிம்முக்கும் வெளிச்சந்தை அலாய்களில் பெரும்பாலானவற்றுக்கும் 60 பாகைக் கூம்பு முகம். டொயோட்டா தொழிற்சாலையிலிருந்தே அலாயோடு வந்த வண்டிகளில் தட்டை வாசரும் அதற்குக் கீழே ஒரு குட்டைக் குழலும் உள்ள நட்டு. கூம்புக் குழியில் தட்டை வாசரை வைத்து முறுக்கினால் உலோகம் உலோகத்தைத் தொடும் இடம் ஒரு நூல் அகலம்தான். சில நூறு கிலோமீட்டரில் தளர்ந்துவிடும். தட்டைத் துளையில் கூம்பை வைத்தால் கூம்பு துளையின் விளிம்பைக் கடித்து விரிசலுக்கு வழி செய்யும். ரிம் வாங்கும்போது அதற்கான நட்டையும் சேர்த்துக் கேளுங்கள். 14 மில்லிமீட்டர் போல்ட்டுக்காகச் செய்த ரிம்மில் துளை பெரிது. நம் 12 மில்லிமீட்டர் நட்டின் கூம்பு அதற்குள் அமிழ்ந்துபோகும்.

நட்டு எத்தனை சுற்று ஏறுகிறது என்று எண்ணிப் பாருங்கள். போல்ட்டின் தடிப்பு எவ்வளவோ அவ்வளவு நீளமாவது மரை பிடித்திருக்க வேண்டும். 12ஐ 1.5ஆல் வகுத்தால் 8 முழுச் சுற்று. இரும்பு ரிம்மின் தகடு மெல்லியது, அலாயின் முகம் தடித்தது. இரும்பிலிருந்து அலாய்க்கு மாறும்போது இந்த எண்ணிக்கை குறையும்.

சுமையும் டயரும்

கெப் என்றால் சுமை. ரிம்மின் பின்முகத்தில் சுமை எல்லை கிலோவில் வார்க்கப்பட்டிருக்கும், இல்லாவிட்டால் ஜப்பான் தர முத்திரை இருக்கும். ஜே.டபிள்யூ.எல். என்று மட்டும் இருந்தால் அது பயணிகள் காருக்கான தரம். ஜே.டபிள்யூ.எல்.-டி என்று இருந்தால் லொறிக்கும் பஸ்ஸுக்குமான தரம். மூட்டை ஏற்றுபவர் இரண்டாவதைத் தேடுங்கள். முத்திரையே இல்லாத அலாயை எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அடுக்கிலேயே விட்டுவிடுங்கள்.

டயரில் 205 ஆர் 16 சி, 110/108 என்று இருந்தால், 110 என்பது ஒரு டயர் 1,060 கிலோ தாங்கும் என்பதற்கான குறி. 104 என்றால் 900 கிலோ, 100 என்றால் 800. வண்டியின் பின் அச்சுக்கு எவ்வளவு சுமை எல்லை என்று கையேட்டில் பார்த்து இரண்டாகப் பிரியுங்கள். 1,800 கிலோ என்றால் ஒரு டயருக்கும் ஒரு ரிம்முக்கும் 900க்குக் குறையக் கூடாது. இன்னும் கொஞ்சம் மிச்சம் இருப்பது நல்லது, ஏனென்றால் மூட்டை எண்ணும்போது நாம் யாரும் கையேட்டைத் திறப்பதில்லை.

உயரத்தையும் கணக்கிடுங்கள். 205 ஆர் 16 டயரின் உயரம் ஏறத்தாழ 735 மில்லிமீட்டர். மேலே சொன்ன 17 அங்குல ரிம்மில் 265/65 போட்டால் 776 வரும். 265இல் 65 விழுக்காட்டை இரண்டால் பெருக்கி, 17 அங்குலத்தின் 431.8 மில்லிமீட்டரைக் கூட்டினால் கிடைப்பது அது. வித்தியாசம் ஐந்தரை விழுக்காட்டுக்குச் சற்று மேல். மீட்டர் 60 காட்டும்போது வண்டி 63இல் போகும். முதல் கியரில் ஏற்றம் ஏறும்போது கிளட்ச் கூடுதலாகப் பாடுபடும். 235/75 ஆர் 15 போட்டால் உயரம் 733, எதுவும் மாறாது. சுமைக்கே வண்டி என்பவருக்கு நான் 15, 16 அங்குலத்தைத்தான் சொல்வேன். அகலத்தில், 265 டயருக்கு 7 அங்குலத்துக்குக் குறைந்த ரிம் ஆகாது என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

கடையில்

கொழும்பு பஞ்சிகாவத்தையிலோ உங்கள் ஊர்ப் பழைய பொருள் கடையிலோ ரிம் அடுக்கின் முன் நிற்கும்போது கையில் வேர்னியர், அடிமட்டம், ஒரு ஹைலக்ஸ் நட்டு, அளவெழுதிய தாள் ஆகியவை இருக்கட்டும். முடிந்தால் பழைய ரிம் ஒன்றையும் ஏற்றிச் செல்லுங்கள். இரண்டையும் குப்புறக் கவிழ்த்து அருகருகே வைத்துச் சட்டம் போட்டு அளந்தால் வாய்ப்பேச்சுக்கு வேலையே இல்லை.

நான்கையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரே வடிவத்தில் இரண்டு ஒரு ஆஃப்செட்டிலும் இரண்டு வேறு ஆஃப்செட்டிலும் இருப்பது பழைய பொருளில் சகஜம். நட்டுத் துளைகள் முட்டை வடிவில் நீண்டிருந்தால் அந்த ரிம் எங்கோ தளர்ந்த நட்டோடு ஓடியிருக்கிறது. ஆரங்களின் அடியில் வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்; பெயிண்ட் கண்ணை ஏமாற்றும், விரலை ஏமாற்றாது. சில்லுச் சமநிலை இயந்திரம் உள்ள கடைக்குக் கொண்டுபோய்ச் சுழற்றச் சொன்னால் கோணல் அப்படியே தெரிந்துவிடும். பேரம் முடிக்கும்போது, டயர் போடாமல் ஹப்பில் மாட்டிப் பார்த்துப் பொருந்தாவிட்டால் திருப்பித் தரலாமா என்று கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்குங்கள். டயர் ஏற்றிய ரிம்மை யாரும் திரும்ப எடுக்கமாட்டார்கள்.

பூட்டு வளையத்தோடு கூடிய பழைய டியூப் ரிம் கண்ணில் பட்டால் மலிவு என்று எடுக்காதீர்கள். காற்றடிக்கும்போது வளையம் தெறித்தால் ஆளையே கொல்லும்.

மாட்டிச் சோதிப்பது

ஹப்பின் முகத்தைக் கம்பிப் பிரஷால் தேய்த்துத் துருவை எடுங்கள். ரிம்மின் ஒட்டும் முகத்தில் புதிதாக அடித்த பெயிண்ட் தடிப்பாக இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். ஓட ஓட அந்தப் பெயிண்ட் நசுங்கி நட்டு தளரும். போல்ட்டில் எண்ணெய் பூசும் பழக்கம் நம் கராஜ்களில் உண்டு. வேண்டாம், அது முறுக்கு அளவைப் பொய்யாக்கும்.

முதலில் வெறும் ரிம், முன்னும் பின்னும். களிமண் சோதனை இந்தக் கட்டத்தில்தான். பின் டிரம்முக்கும் அதையே செய்யுங்கள். நட்டு இல்லாமல் ரிம்மை ஹப்பில் தள்ளினால் முகத்தோடு முகம் முழுக்க ஒட்ட வேண்டும். விளிம்பில் ஒரு தாளை நுழைக்க முடிந்தால் ஏதோ தட்டுகிறது.

அதன்பிறகு ஒரே ஒரு ரிம்முக்கு டயர் ஏற்றி, அதை முன்னால் மாட்டுங்கள். டயரின் உள்தோள் முழுக்கச் சோக்குக் கட்டியால் தேய்த்துவிட்டு, வெறும் மைதானத்தில் ஸ்டியரிங்கை இடது கடைசி வரைக்கும் வலது கடைசி வரைக்கும் திருப்பி மெதுவாக வட்டமடியுங்கள். சோக்கு அழிந்த இடம் உரசும் இடம். ஒரு பக்க முன் சில்லை ஒரு வரம்பின் மேல் ஏற்றி நிறுத்தி, அதே நிலையிலும் ஸ்டியரிங்கைத் திருப்பிப் பாருங்கள். ஸ்பிரிங் பட்டை உள்ள வண்டியில் ஒரு சில்லு மட்டும் மேலே போகும்போதுதான் இடைவெளி மிகக் குறைகிறது. பிறகு பின்னால் மாட்டி, வழக்கமாக ஏற்றும் சுமையை ஏற்றி, டயரின் உச்சிக்கும் மட்கார்டுக்கும் இடைப்பட்ட தூரத்தையும், அச்சுக்கும் மேலே உள்ள ரப்பர்த் தடுப்புக்கும் இடைப்பட்ட தூரத்தையும் அளங்கள். முதல் தூரம் இரண்டாவதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். அச்சு ரப்பரில் முட்டும் முன் டயர் தகட்டில் முட்டினால் அந்த டயர் உங்களுக்கு உயரம் அதிகம்.

எல்லாம் சரியென்றால் மற்ற டயர்களையும் ஏற்றுங்கள். நட்டுகளை நட்சத்திர வரிசையில், இரண்டு மூன்று தவணைகளாக, டோர்க் ஸ்பானரால் முறுக்குங்கள். 12 மில்லிமீட்டர் போல்ட்டில் அலாய்க்கு 100 முதல் 115 நியூட்டன் மீட்டர் வழக்கம். இரும்பு ரிம்முக்கு அளவு வேறாகலாம், கையேட்டில் இருப்பதைப் பின்பற்றுங்கள். காற்று இயந்திரத்தால் அடித்து இறுக்கிவிட்டுப் போகலாம் என்று கடைப் பையன் சொன்னால், தம்பி, கடைசி முறுக்கை நானே போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுங்கள். 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். சுமையோடு ஓடிய முதல் நாளுக்குப் பிறகும் பாருங்கள்.

மிச்சமிருப்பது ஸ்பேர் சில்லு. சாமான் ஏற்றும் தொட்டிக்கு அடியில் சங்கிலியால் தூக்கும் அமைப்புக்கு, ரிம்மின் நடுத்துளையில் உட்காரும் தகடு ஒன்று இருக்கும். புதிய ரிம்மில் அது சரியாக உட்காராவிட்டால் சில்லு சாய்ந்து தொங்கும். உயரமான டயர் அங்கே அடங்காமலும் போகலாம். பழைய இரும்பு ரிம்மையே ஸ்பேராக வைத்தால் அதன் டயர் உயரம் மற்றவற்றோடு ஒத்திருக்க வேண்டும்; உயரம் வேறான சில்லை மாட்டிக்கொண்டு தார் வீதியில் நான்கு சில்லு இழுவையைப் பூட்டி ஓட்டக் கூடாது. இரும்புக்கான கூம்பு நட்டு ஆறு, ஒரு துணிப் பையில் கட்டி சீட்டுக்குப் பின்னால் கிடக்கட்டும். பழைய ரிம்களில் மற்றவற்றை ஒரு போகம் அறுத்து ஏற்றி இறக்கும் வரைக்கும் விற்காதீர்கள்.